இருபது வினாடிக்கு ஒரு படம்

கல்லூரிகளில் 'செமினார்' என்ற பெயரில் நடப்பதைப் பேச்சுப் பயிற்சி என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. மாணவர் திரை முழுக்கப் பத்தி பத்தியாக எழுத்தை நிரப்புகிறார். வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை வாசிக்கிறார். நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுகிறார். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் விழுந்துவிடுகிறது. வாசித்தது ஆங்கிலம்தான். ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

ஆங்கில ஆசிரியர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது பெச்சா குச்சா முறையைத்தான். 2003இல் டோக்கியோவில் ஆஸ்ட்ரிட் க்ளைன், மார்க் டைத்தம் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் தொடங்கியது அது. வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையைக் காட்டிப் பேச வேண்டும், ஆனால் யாரும் நேரத்தை இழுக்கக் கூடாது. அதற்காக வைத்த விதி: 20 படங்கள், படத்துக்கு 20 வினாடி. படம் தானாகவே மாறிவிடும். 6 நிமிடம் 40 வினாடியில் எல்லாம் முடிந்துவிடும். மொழி வகுப்புக்காக உருவானதல்ல என்றாலும், பல நாடுகளில் ஆங்கில ஆசிரியர்கள் இதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தானாக மாறும் படம்தான். தமிழ்வழியில் படித்துவந்த மாணவருக்கு ஆங்கிலச் சொற்கள் தெரியாமல் இல்லை. வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, வினைச்சொல் எந்தக் காலத்தில் வர வேண்டும் என்ற யோசனையில் நடுவில் நின்றுவிடுகிறார். நின்றதும் வகுப்பு பார்க்கிறது, கூச்சம் வருகிறது, அடுத்த சொல்லும் போய்விடுகிறது. படம் ஓடிக்கொண்டிருந்தால் அப்படி நிற்க நேரமில்லை. தவறோ சரியோ, சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். திரையில் எழுத்தே இல்லாததால் வாசிக்கவும் வழியில்லை. இருபது வினாடியில் மூன்று நான்கு சிறு வாக்கியங்கள்தான் சொல்ல முடியும், அந்த அளவு யாருக்கும் எட்டக்கூடியது.

நம் வகுப்புகளுக்கு இருபது படம் அதிகம். ஆறு படம், இரண்டு நிமிடம் போதும். அறுபது பேர் வகுப்பிலும் நான்கைந்து பாடவேளைகளில் எல்லோரும் பேசிவிடலாம். புரொஜெக்டர் இல்லையா? அச்சிட்ட ஆறு படங்களை நண்பர் ஒருவர் கடிகாரம் பார்த்துப் புரட்டினால் ஆயிற்று.

தலைப்பை மாணவரிடமே விட்டுவிடுங்கள். புவி வெப்பமயமாதல் என்று கொடுத்தால் இணையத்திலிருந்து அள்ளிக்கொண்டு வருவார்கள். வீட்டில் விசைத்தறி ஓடுகிற மாணவி அந்தத் தறியையே ஆறு படமாக எடுத்து வரட்டும். நெடுக்கு நூலான பாவுக்கும் குறுக்கு நூலான ஊடைக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை அவளே தேடிப் பிடிப்பாள். தனக்குத் தெரிந்ததை விளக்கும்போது குரலில் வரும் துணிவே வேறு.

'மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்களே' என்று கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். எழுதி வைத்துப் படிப்பதைத் தடுத்துவிட்டு, பேசிப் பேசியே தயாராக வைக்க வேண்டும். மொழியியல் அறிஞர் பால் நேஷன் விளக்கி எழுதிய 4-3-2 பயிற்சி இதற்கு நன்றாகப் பொருந்தும்: ஒரே செய்தியை மூன்று வெவ்வேறு ஆட்களிடம், முதலில் நான்கு நிமிடம், பிறகு மூன்று, பிறகு இரண்டு நிமிடத்தில் சொல்வது. மூன்றாவது ஆளிடம் போகும்போது தயக்கம் குறைந்திருக்கும். மேடைக்கு வருவதற்கு முன்பே பேச்சு வந்துவிடும். முடிந்ததும் வகுப்பிலிருந்து இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள், ஒப்பித்தவர் யார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

கூச்சம் மிகுந்தவர்களை எடுத்த எடுப்பில் மேடையேற்ற வேண்டாம். நான்கு பேர் குழுவில், கைப்பேசித் திரையில் காட்டிப் பேசட்டும். அந்தச் சுற்றுக்கு மதிப்பெண்ணே போடாதீர்கள். அடுத்த சுற்றில் போடும்போதும், திரையில் வாக்கியம் எழுதி வந்தால் மட்டும் குறையுங்கள். இலக்கணப் பிழைகளைத் தாளில் குறித்து வைத்து, அவர் பேசி முடித்து உட்கார்ந்த பிறகு தனியாகச் சொல்லுங்கள்.