பதினேழு வயதுப் பெண்களுக்கு ஆட்டங்களைக் கொடுங்கள்

2022 அக்டோபரில் புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியத்தில் நம் பெண்கள் ஆடிய மூன்று ஆட்டங்களின் முடிவுகளை இன்றும் யாராவது கேலியாக எடுத்துப் போடுகிறார்கள். அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான கால்பந்து உலகக் கோப்பை அது. போட்டியை நடத்தும் நாடு என்ற வகையில் நேரடியாக இடம்பெற்ற இந்தியா, ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியேறியது. இதற்கு எதற்கு இத்தனை செலவு என்று கேட்பவர்கள் அந்த மூன்று எண்களோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். நான் நடுவில் இருக்கும் ஆட்டத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

அக்டோபர் 14, மொராக்கோவுக்கு எதிரான ஆட்டம். அவர்களுக்கும் அதுதான் முதல் உலகக் கோப்பை. மூன்று நாள் முன்பு எட்டு கோல் வாங்கிய நம் பெண்கள், இடைவேளை வரை கோல் எதுவும் விடாமல் சமமாக நின்றார்கள். 50-ஆவது நிமிடத்தில் பெனால்டி. 61-இல் இரண்டாவது கோல். ஆட்டம் முடியும் தறுவாயில் மூன்றாவது. முதல் 45 நிமிடம் ஈடுகொடுத்த அணி, இரண்டாம் பாதியில் ஏன் விட்டுக்கொடுத்தது? திறமை இடைவேளையில் காணாமல் போய்விடாது. கால் தளர்ந்த நேரத்தில் எங்கே நிற்பது, யாரை விட்டு யாரைப் பிடிப்பது, ஒரு கோல் வாங்கிய அடுத்த ஐந்து நிமிடத்தை எப்படிக் கடத்துவது என்பதெல்லாம் முடிவுக்கு மதிப்புள்ள ஆட்டங்களில் மட்டுமே படியும். முகாமில் நமக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடும்போது இது வராது.

எதிரணியின் கதையைப் பாருங்கள். மொராக்கோ கால்பந்துச் சம்மேளனம் 2020-இல் பெண்களுக்கு இரண்டு அடுக்குத் தொழில்முறை லீக்கைத் தொடங்கி, வீராங்கனைகளின் சம்பளத்துக்கும் பொறுப்பேற்றது. 2022-இல் அவர்களின் மூத்தோர் அணி ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை வந்தது. 2023-இல் முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போய் முதல் சுற்றைத் தாண்டியது. அந்த இளையோர் அணியும் அமெரிக்காவிடமும் பிரேசிலிடமும் தோற்று, நம்மைப்போல முதல் சுற்றிலேயே திரும்பியதுதான். ஆனால் அவர்கள் தகுதிச் சுற்றில் வென்று வந்தவர்கள். ஊருக்குத் திரும்பியதும் ஆடுவதற்கு அவர்களுக்கு ஒரு லீக் காத்திருந்தது.

நம் பெண்களுக்கு என்ன காத்திருந்தது என்ற கேள்விக்கு முன்னால், அவர்களுக்கு முன்பிருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் போட்டி முதலில் 2020-இல் இந்தியாவில் நடக்க வேண்டியது. 2003-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் ஆடலாம். ஸ்வீடன் பெண்கள் அணியை 2011 உலகக் கோப்பையில் மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோன தாமஸ் டென்னர்பியை 2019-இலேயே பயிற்சியாளராக்கி அணியைத் தயாரித்தார்கள். கொரோனா வந்தது. போட்டி 2021-க்குத் தள்ளிப்போனது, பிறகு ரத்தானது. 2022 போட்டியை இந்தியாவுக்கே கொடுத்தார்கள், ஆனால் அதில் 2005-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான் இடம். 2003, 2004-இல் பிறந்த பெண்கள் ஒரு பந்தைக்கூட உதைக்காமல் வயது கடந்துபோனார்கள். இவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதவில்லை. பள்ளிப் படிப்பையும் வீட்டையும் விட்டு முகாமில் இருந்த பிள்ளைகள் அவர்கள். உலகக் கோப்பை ஒன்றை மட்டுமே இலக்காகக் காட்டி வளர்த்தோம். அது போனதும் கையில் ஒன்றுமில்லை. ஒழுங்கான இளையோர் லீக் ஒன்று இருந்திருந்தால், கோப்பை ரத்தானதற்கு அழுதுவிட்டு அடுத்த வாரம் ஆட்டத்துக்குப் போயிருப்பார்கள்.

2022 அணிக்கும் நிம்மதி இருக்கவில்லை. ஆகஸ்ட் நடுவில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா நம் கால்பந்துச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்பது காரணம். உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், போட்டி நடக்குமா என்று தெரியாமல் அந்தப் பெண்கள் பயிற்சி செய்தார்கள். பதினொரு நாள் கழித்துத் தடை நீங்கியது. பெரியவர்களின் நாற்காலிச் சண்டைக்குப் பதினாறு வயதுப் பிள்ளைகளின் வாழ்நாள் வாய்ப்பைப் பணயம் வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

லீக் என்ன செய்யும் என்பதற்கு நவி மும்பையில் நடந்த அந்த உலகக் கோப்பையின் இறுதி ஆட்டமே சாட்சி. ஸ்பெயின் 1-0 என்று கொலம்பியாவை வென்றது. அந்தக் கொலம்பிய அணியில் லிண்டா கைசெடோ ஆடினார். பதினான்கு வயதில் உள்நாட்டுத் தொழில்முறை லீக்கில் இறங்கியவர். 2022 ஜூலையில் தென் அமெரிக்க நாடுகளின் மூத்தோர் போட்டியான கோபா அமெரிக்காவில் சிறந்த வீராங்கனை, ஆகஸ்டில் இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, அக்டோபரில் இந்தியாவில் இந்தப் போட்டி, அடுத்த ஆண்டு மூத்தோர் உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக ஒரு கோல். கொலம்பியாவின் பெண்கள் தொழில்முறை லீக் தொடங்கிய ஆண்டு 2017. நம் இந்தியப் பெண்கள் லீக் தொடங்கியதும் அதே 2017-இல்தான். நம்முடையது ஆறு அணிகளோடு, தில்லியில் ஒரே இடத்தில், மூன்று வாரத்துக்குள் முடிந்துபோனது. 2024-25 பருவத்தில்தான் எட்டு அணிகள், சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலுமாக ஆளுக்குப் பதினான்கு ஆட்டங்கள் என்ற நிலை. இது நாட்டின் உச்ச லீக். இதற்குக் கீழே பதினைந்து வயதுப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது?

எங்கள் ஊரில் இருப்பதைச் சொல்கிறேன். பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் நண்பர்களோடு மாலை வேளைகளில் நானும் மைதானத்தில் நிற்பதுண்டு. பையன்கள் ஆடி முடித்த பிறகே இவர்களுக்குக் களம் கிடைக்கிறது. அதற்குள் வெளிச்சம் மங்கி, பந்து காலுக்கு வரும்வரை தெரியாது. இது போகட்டும். இவர்களுக்கு ஆண்டில் நிச்சயமாகக் கிடைக்கும் போட்டி, பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டி. அது நாக் அவுட். முதல் ஆட்டத்தில் தோற்றால் அவ்வளவுதான். ஆண்டு முழுக்க ஓடி, குனிந்து, தலையால் முட்டிப் பழகிய பெண், ஒரு காலை நேரத்தில் அரை மணி ஆடிவிட்டு மதியச் சோற்றுக்கு வீடு வந்துவிடுகிறாள். வென்றால் வருவாய் மாவட்டம், அதற்கு மேல் மாநிலம் என்று போகலாம். ஆனால் அங்கே போவது ஏற்கெனவே நல்ல மைதானமும் முழு நேரப் பயிற்சியாளரும் உள்ள பள்ளிதான். யாருக்கு ஆட்டம் அதிகம் வேண்டுமோ அவர்களைத்தான் நாக் அவுட் முதலில் வீட்டுக்கு அனுப்புகிறது.

தமிழ்நாட்டுக்கு இது கூடுதலாக உறைக்க வேண்டும். 2018-இலும் 2023-இலும் மூத்தோர் தேசியப் பெண்கள் கோப்பையை வென்ற மாநிலம் நாம். 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது நம் சேது எஃப்.சி. இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் இருவரும் கடலூர் மாவட்டத்துப் பெண்கள், இந்திய அணியில் ஆடியவர்கள். அப்படியிருந்தும் 2022 உலகக் கோப்பைக்கான 21 பேர் பட்டியலில் ஒரு தமிழ்நாட்டுப் பெண்கூட இல்லை. ஜார்க்கண்டிலிருந்து மட்டும் ஆறு பேர். நம் பெண்கள் கால்பந்துக்குத் தாமதமாக வருகிறார்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கல்லூரியில் விளையாட்டு இடஒதுக்கீடு கிடைத்த பிறகு சூடு பிடிக்கிறது. தேசிய இளையோர் அணிக்குத் தேர்வு நடக்கும் வயது அதற்குள் கடந்துவிடுகிறது. ஜார்க்கண்டில் ஹசாரிபாக் போன்ற இடங்களில் பெண்களுக்கான விடுதியோடு சேர்ந்த பயிற்சி மையங்கள் உண்டு. சின்ன வயதிலேயே பிள்ளை பந்தோடு வளர்கிறாள். கடலூரில் நடந்ததும் ஏறக்குறைய அதுவே. அரசு விடுதியில் வளர்ந்த பிள்ளைகளோடு ஒரு பயிற்சியாளர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். ஓர் ஊரில் முடிந்தது முப்பத்தெட்டு மாவட்டத்தில் முடியாதா?

2022 அணியின் கேப்டன் அஸ்தம் ஓராவ், ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துப் பெண். அவர் கேப்டனானதைப் பாராட்டி மாவட்ட நிர்வாகம் ஊருக்குச் சாலை போட்டது. அந்தச் சாலை வேலையில் அவருடைய பெற்றோரே கூலிக்கு மண் சுமந்ததைப் பத்திரிகைகளில் படித்தோம். மகள் நாட்டின் கொடியேந்தி நின்ற அதே நாட்களில் நடந்தது இது. சாலை வந்தது நல்லதுதான். ஆனால் ஒரு பெண் கேப்டனாகும்வரை அந்த ஊர் யார் கண்ணிலும் படாமல் இருந்ததையும், ஆன பிறகும் வீட்டு நிலைமை அப்படியே இருந்ததையும் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உலகக் கோப்பைக்கு முன்பு இந்த அணி ஐரோப்பா போயிருந்தபோது, துணைப் பயிற்சியாளர் ஒருவர்மீது பாலியல் ரீதியான முறைகேடு புகார் எழுந்து, அவர் நீக்கப்பட்டார். தேசிய அணியிலேயே இது நடக்கிறதென்றால் மாவட்டத்தில்? எங்கள் மைதானத்தில் ஓர் அம்மா, மகளின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடி பயிற்சியாளரிடம் கேட்டார்: "வெளியூருக்குக் கூட்டிக்கொண்டு போனால் இவர்களோடு ஒரு பெண் வருவாரா, சார்? ராத்திரி எங்கே தங்குவார்கள்? யார் பக்கத்து அறையில்?" அவர் மகளைத் தடுக்க வரவில்லை. அனுப்புவதற்கு வழி தேடினார். அன்று அவருக்கு உறுதியான பதில் கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் அணியோடு போக ஒரு பெண் பொறுப்பாளருக்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. அந்த அம்மாவின் மகள் அந்தப் பயணத்துக்கு வரவில்லை. பெற்றோர் பிற்போக்கானவர்கள், அதனால்தான் பெண்கள் விளையாட வருவதில்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

இவ்வளவு குறைக்கும் நடுவில் 2025 எனக்கு நம்பிக்கை கொடுத்த ஆண்டு. ஆகஸ்டில் யாங்கூனில் மியான்மரை 1-0 என்று வென்று, இருபது வயதுக்குட்பட்டோர் அணி இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கலிங்கா ஸ்டேடியத்தில் தோற்ற அணியிலிருந்த ஷுபாங்கி சிங் இந்த அணியிலும் இருந்தார். தோற்ற பிள்ளைகளைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது போதும். அக்டோபரில் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணி, முதல் பாதியில் உஸ்பெகிஸ்தானிடம் பின்தங்கியிருந்து, 55-ஆவது நிமிடத்தில் தண்டமோனி பாஸ்கேவும் 66-இல் அனுஷ்கா குமாரியும் அடித்த கோல்களால் 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குப் போனது. தகுதிச் சுற்றில் ஆடி வென்று அந்த வயதுப் பிரிவு உள்ளே நுழைந்தது அதுவே முதல்முறை.

மொராக்கோவிடம் இரண்டாம் பாதியில் நொறுங்கிய அதே வயதுப் பிரிவு, இங்கே இரண்டாம் பாதியில் ஆட்டத்தைத் திருப்பியது. இடையில் என்ன மாறியது? பல காரணங்கள் இருக்கலாம். நான் ஒன்றைச் சொல்கிறேன். பிஷ்கெக்குக்கு முன்பு ஆகஸ்டில் இந்தப் பெண்கள் பூட்டானின் திம்புவில் தெற்காசியக் கோப்பை ஆடினார்கள். நான்கு அணிகள், ஒவ்வொன்றோடும் இரண்டு முறை, ஆக ஆறு ஆட்டங்கள். ஐந்தில் வென்று கோப்பையை உறுதிசெய்துவிட்டு, கடைசி ஆட்டத்தில் வங்கதேசத்திடம் 3-4 என்று தோற்றார்கள். தோற்றாலும் வீட்டுக்கு அனுப்பாத அமைப்பில், இரண்டே வாரத்துக்குள் ஆறு ஆட்டங்கள். அது எத்தனை மாத முகாமுக்குச் சமம் என்று அந்த அணியின் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

யாங்கூன் வெற்றிக்குச் சம்மேளனம் 25,000 டாலர் பரிசு அறிவித்தது. மகிழ்ச்சி. அதோடு மாவட்டம்தோறும் பதின்மூன்று, பதினைந்து, பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்குத் தனித்தனி லீக் வேண்டும். தோற்றாலும் அடுத்த வாரம் ஆட்டம் இருக்கும்படி, ஆளுக்குக் குறைந்தது பன்னிரண்டு ஆட்டமாவது. அணியோடு பயணம் போக சம்பளத்துடன் ஒரு பெண் பொறுப்பாளர். பொதுத்தேர்வு மாதங்களைத் தவிர்த்த அட்டவணை. கல்வித் துறையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் கால்பந்துச் சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.

அடுத்த முறை தேசிய இளையோர் அணிப் பட்டியல் வெளியாகும்போது, ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் மாநிலத்துக்கும் பக்கத்தில், கடந்த ஓராண்டில் அவர் எத்தனை போட்டி ஆட்டங்கள் ஆடினார் என்ற எண்ணையும் சம்மேளனம் அச்சிடட்டும். விளையாட்டுச் செய்தியாளர்கள் ஸ்கோரைக் கேட்பதற்கு முன்பு அந்த எண்ணைக் கேட்கட்டும்.