சாய்கோவ்ஸ்கி ஒரு நோட்டு கூட மாத்தலையா?

வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு சுத்துது, ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியோட முதல் பியானோ கான்செர்ட்டோவ (பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற உருப்படி) பியானோ கலைஞர் நிக்கோலாய் ரூபின்ஸ்டீன் குப்பைன்னு சொன்னாராம், சாய்கோவ்ஸ்கி கடைசி வரைக்கும் ஒரு நோட்டு (சுரம்) கூட மாத்தாம ஜெயிச்சாராம். பாதிதாங்க உண்மை. ரூபின்ஸ்டீன் கிழிகிழின்னு கிழிச்சது நெஜம், மாத்தமாட்டேன்னு சாய்கோவ்ஸ்கி முறுக்கிக்கிட்டதும் நெஜம், 1875 அக்டோபர்ல பாஸ்டன்ல ஜெர்மன் பியானோ கலைஞர் ஹான்ஸ் ஃபான் பியூலோ முதல் தடவையா வாசிச்சதும் பழைய வடிவம்தான். ஆனா அப்புறம் 1879லயும் 1888லயும் சாய்கோவ்ஸ்கியே உட்கார்ந்து திருத்திட்டாரு. ஆரம்பத்துல வயலின் எல்லாம் மெலடி வாசிக்க, பியானோ கீழருந்து மேல வரைக்கும் டம் டம் டம்னு இடிக்கும்ல, இப்போ எல்லா கச்சேரிலயும் கேக்குறோமே, முதல் வெர்ஷன்ல அந்த இடி கிடையாது, கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) ஒண்ணா விழாம ஒவ்வொரு சுரமா உருண்டு வரும். திட்டுன ரூபின்ஸ்டீனோ 1875லயே மாஸ்கோல இதையே கண்டக்ட் பண்ணாரு, பியானோல சாய்கோவ்ஸ்கியோட மாணவர் தனேயெவ்.