பசியை மட்டும் நம்பாதீர்கள்

"சாப்பிடுகிற வரை நாயைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்று ஒரு கட்டுரையில் படித்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் லாப்ரடாருக்கு 11 வயதில் முன்னங்காலில் எலும்புப் புற்றுநோய். கடைசி நாள்வரை தயிர்சாதத்தைத் தட்டோடு நக்கியது. ஆனால் ராத்திரி முழுக்கப் படுக்காமல், மூச்சிரைத்தபடி உட்கார்ந்தே இருக்கும். வெயிலால் என்று நினைத்து மின்விசிறி போட்டோம். அது வலி என்று புரியவே நாளானது.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் உருவாக்கிய ஒரு கணக்கை எங்கள் மருத்துவர் சொல்லிக்கொடுத்தார். வலி (மூச்சுத்திணறலும் இதில் சேரும்), பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என ஏழுக்கும் பத்துவரை மதிப்பெண்; நிலைமை நன்றாக இருந்தால் மதிப்பெண் அதிகம். மொத்தம் 35க்கு மேல் என்றால் தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாம். எங்களுக்கு 24 வந்தது, அதில் பசிக்கு மட்டுமே 9! அப்புறமும் கருணைக்கொலையை ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த வாரம் எனக்காகத்தான், இன்னும் உறுத்துகிறது.

முதலில் மயக்க ஊசி, நன்றாகத் தூங்கிய பிறகுதான் உயிரை நிறுத்தும் ஊசி. உயிர் போன பிறகும் கண் திறந்தே இருக்கும், அதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அம்மா கடைசிவரை காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.