கைதட்ட வந்தவங்களுக்கு ஒரு பாத்ரூம் கூடவா கிடையாது?

டிவி நிகழ்ச்சிக்குப் பார்வையாளராகப் போகிறவர்களை இந்தச் சேனல்காரர்கள் மனுஷங்களாகவே மதிப்பதில்லை. போய் வந்ததிலிருந்து வயிறு எரிகிறது. எழுதித்தான் தீரணும்.

"காலை 9 மணிக்கு கேட்டில் இருக்கணும், லேட்டா வந்தா உள்ளே விடமாட்டோம்" என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ். பூந்தமல்லி தாண்டி ஒரு ஸ்டுடியோ. சேனல் பெயர் எதற்கு? போய் வந்த பலரும் இதே கதையைத்தான் வெவ்வேறு சேனல் பெயரோடு சொல்கிறார்கள். அத்தையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கே எடுக்கிற பாட்டுப் போட்டி நிகழ்ச்சியை ஒரு வாரம்கூட விடாமல் பார்ப்பவர். சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் ஆசை. பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, விடியற்காலையிலேயே தயாராகிவிட்டார்.

முதல் ஷாட் எடுக்கும்போது மணி மூணு தாண்டியிருந்தது. ஒன்பதிலிருந்து மூணு வரை நாங்கள் தகர ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில். "லைட்டிங் முடியல", "ஜட்ஜ் மேக்கப்பில் இருக்காங்க", "இதோ பத்து நிமிஷம்." வாக்கிடாக்கியோடு ஓடுகிற பையனைக் கேட்டால் அவனுக்கும் தெரியாது. அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? நேரம் தெரிந்தவர்கள் எல்லாம் உள்ளே ஏசி அறையில் இருக்கிறார்கள். லைட்டிங் மதியம்தான் முடியும் என்று தெரிந்தால் மதியம் வரச்சொல்ல வேண்டியதுதானே? சொல்ல மாட்டார்கள். நாற்காலி காலியாக இருந்துவிடக் கூடாது என்கிற பயத்துக்கு எங்கள் அரை நாளைத் தூக்கிக் கொடுக்கணும்.

ஷெட்டுப் பக்கம் இருந்த ஒரே பாத்ரூம் பூட்டியிருந்தது. கேட்டால், "அது ஆர்ட்டிஸ்ட்டுக்கு." நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிற இடத்தில், பாதிப்பேர் பெண்கள், வயசானவர்கள். பின்னால் ஒன்று இருக்கிறது என்று காட்டினார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. உள்ளே போன பெண்ணுக்காக வெளியே ஒருத்தர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கணும். இதைப் பார்த்துவிட்டு அத்தை அன்று முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை. சர்க்கரை உள்ளவருக்கு அது எவ்வளவு ஆபத்து? கோடிக்கணக்கில் செட் போடுகிறவர்களுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கக் காசில்லையா?

சரி, உள்ளே போனோம். போனை வாங்கிக் கவரில் போட்டுக்கொண்டார்கள். நிகழ்ச்சி முன்கூட்டியே வெளியே கசியக் கூடாது, அது நியாயம். தண்ணீர் பாட்டிலையும் பிடுங்கிக்கொண்டார்கள், ஃபிரேமில் லேபிள் தெரியுமாம். பதிலுக்கு ஒரு டம்ளர் தண்ணீராவது வைக்கணுமா, வேண்டாமா?

அப்புறம் நடந்ததுதான் என்னால் பொறுக்கவே முடியாதது. ஒருவர் வந்து வரிசை வரிசையாக முகத்தைப் பார்த்துக்கொண்டே போனார். "நீங்க முன்னாடி வாங்க. நீங்களும் வாங்க. ஆன்ட்டி, நீங்க பின்னாடி போங்க." அத்தை முதலிலேயே வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரை எழுப்பிக் கடைசி வரிசைக்கு, கைப்பிடி இல்லாத மரப்படியில் ஏற வைத்தார்கள். அந்த இடத்தில் மேக்கப் போட்ட கல்லூரிப் பெண்களை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் கறுப்பாக, ஒல்லியாக ஒரு பையன். அவனையும் பின்னால் அனுப்பினார்கள். வாயைத் திறக்காமல் எழுந்து போனான். அந்த நிகழ்ச்சியை வாரா வாரம் பார்த்து ரேட்டிங் ஏற்றிக் கொடுப்பதே அத்தை மாதிரி ஆட்களும் அந்தப் பையன் மாதிரி ஆட்களும்தான். வீட்டில் உட்கார்ந்து பார்க்க மட்டும் அவர்கள் வேண்டும், கேமராவுக்கு முன்னால் வேண்டாமா? நான் சண்டை போட்டேன். "சேனலில் சொன்னது சார்" என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப.

பாடகர் யாரும் மேடைக்கே வரவில்லை, அதற்குள் எங்களை வைத்து ஷாட் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். "எல்லாரும் சிரிங்க... ரோலிங்... இன்னும் சத்தமா... ஒன் மோர்." "இப்ப ஆச்சரியமாப் பாருங்க." "இப்ப எழுந்து நின்னு கிளாப்ஸ்." "இப்ப சோகம், மேடம், நீங்க கண்ணைத் துடைங்க." காலி மேடையைப் பார்த்து அழுவது எப்படி என்று யாராவது சொல்லுங்கள். இதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு எடிட்டிங்கில் எங்கே வேண்டுமோ அங்கே ஒட்டிக்கொள்கிறார்கள். ஒளிபரப்பான அன்று பார்த்தோம். அத்தை ஏசி குளிரில் மூக்கைத் துடைத்த ஷாட், அப்பாவை இழந்த ஒரு போட்டியாளர் பேசும்போது சோக இசையோடு வருகிறது. அந்தப் பெண் பேசியபோது அத்தை நிஜமாகவே கலங்கினார். நான் பக்கத்தில் இருந்தேனே! அதை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை.

உங்களுக்குத் தேவை வெறும் சத்தம்தான் என்றால் அதற்கு மெஷின் இருக்கிறது. அமெரிக்காவில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950களிலேயே பட்டனைத் தட்டினால் சிரிப்பும் கைதட்டலும் வருகிற பெட்டியைச் செய்துவிட்டார். அதை வைத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள ஆட்களைக் கூப்பிட்டால் அவர்கள் எதற்குச் சிரித்தார்கள், எதற்கு அழுதார்கள் என்பதற்கு மரியாதை கொடுங்கள்.

ஒரு எபிசோட் முடிந்ததும் கிளம்பலாம் என்று எழுந்தோம். விடவில்லை. அடுத்த வார எபிசோடும் அன்றைக்கேதான். இடம் மாற்றி உட்கார வைத்தார்கள், துப்பட்டாவை மாற்றிப் போடச் சொன்னார்கள், ஆண்களை வேறு சட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். இதையாவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?

எங்களுக்காவது இது ஒரு நாள் கூத்து. அங்கே பாதிக்கூட்டம் ஏஜென்ட் வேனில் கூட்டி வந்த பெண்கள். பேட்டாவுக்காக வருகிறவர்கள். பையில் சால்வை, பிஸ்கட், மாற்றுப் புடவை எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். அத்தைக்கு பிஸ்கட் கொடுத்தது சேனல் இல்லை, அவர்களில் ஒரு அக்காதான். பேசின காசில் ஏஜென்ட் கமிஷன் போக மீதிதான் கைக்கு வரும், அதுவும் சில சமயம் இழுத்தடிப்பார்கள் என்றார். லைட்மேனுக்கு கால்ஷீட் கணக்கு உண்டு, கேட்பதற்கு பெப்சி என்கிற சினிமா தொழிலாளர் சம்மேளனம் இருக்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்து கைதட்டுகிற இந்த அக்காவுக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்?

"ஃப்ரீயாத்தானே வந்தீங்க" என்று ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். பிபிசி நிகழ்ச்சிகளுக்கும் டிக்கெட் இலவசம்தான். இருக்கைகளைவிட அதிகமாகத்தான் டிக்கெட் கொடுக்கிறார்கள், ஆனால் டிக்கெட் இருந்தாலும் இடம் உறுதியில்லை என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள். வருகிறவருக்குத் தெரிந்து வருகிறார். அவ்வளவு தூரம் ஏன் போகணும்? டைரக்டர் விசு தன் அரட்டை அரங்கம் டிவி நிகழ்ச்சியை ஊர் ஊராகக் கொண்டு போனார். கூட்டத்திலிருந்து எழுந்து பேசியவர்கள்தான் அந்த நிகழ்ச்சியே. கறுப்பா சிவப்பா என்று பார்த்தா மைக் கொடுத்தார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. தலைக்கு மேலே டன் கணக்கில் லைட், பக்கத்தில் ஜிம்மி ஜிப் என்கிற கேமரா கிரேன், காலடியில் பாம்பு பாம்பாக கேபிள். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடணும் என்று யாரும் சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் இதே பூந்தமல்லிப் பக்கம் இந்தியன் 2 படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுமா இந்த அலட்சியம்?

ராத்திரி பதினொன்றரைக்கு "பேக்கப்" என்றார்கள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கேட்டை மூடிவிட்டார்கள். ஹைவேயில் பஸ் இல்லை, ஆட்டோக்காரர் வாய்க்கு வந்ததைக் கேட்கிறார். அத்தை கால் வீங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

எத்தனை எபிசோட், எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடியும் என்பதை அந்த வாட்ஸ்அப் மெசேஜிலேயே போடுங்கள். தாழ்ப்பாள் உள்ள பாத்ரூம், குடிக்கத் தண்ணீர், ராத்திரி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஒரு வேன் கொடுங்கள். முதலில் வந்தவரை முதல் வரிசையில் உட்கார விடுங்கள். இதில் எது உங்களால் முடியாது?