சதி லீலாவதியில் எம்.ஜி.ஆர். மட்டும்தானா?

சதி லீலாவதி (1936) படத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை, அது எம்.ஜி.ஆரின் முதல் படம் என்பதோடு நின்றுவிட்டதில் எனக்கு வருத்தம்தான். அதில் அவருக்குச் சின்ன இன்ஸ்பெக்டர் வேடம். கதையைச் சுமந்தவர் எம்.கே.ராதா. வசதியாக வாழ்ந்த ஒருவன் கெட்ட சகவாசத்தில் குடிக்குப் பழகி, கடனில் மூழ்கி, நண்பனைக் கொன்றுவிட்டதாக நினைத்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாக ஓடுகிறான். எஸ்.எஸ்.வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை அது. இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன், அமெரிக்கர்.

தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் பாலக்கோடு பக்கம் இது வெறும் சினிமாக் கதை இல்லை. என் கொள்ளுத்தாத்தா மூன்று ஏக்கர் நிலத்தை அடமானம் வைத்துக் குடித்தே தீர்த்தவர். அந்தப் பத்திரத்தின் நகல் இன்னும் எங்கள் மரப்பெட்டியில் இருக்கிறது. மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. கீழே அவருடைய கைநாட்டு, மை பரவி, ரேகையே தெரியாது. பாட்டி அதை எடுத்தால் அந்த இடத்தை மட்டும் விரலால் தடவிப் பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார்.

அப்புறம் இன்னொன்று. படம் வந்த அடுத்த வருஷம், 1937 அக்டோபரில், ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது சேலத்தோடு சேர்ந்தவை. ராஜாஜியே ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர்தானே! குடியால் குடும்பம் அழிவதைச் சொன்ன படத்தைப் பற்றி எழுதும்போது இதை விட்டிருக்கக் கூடாது. ராதாவின் அந்த வேடத்தைப் பற்றி அடுத்த முறை விரிவாக எழுதுங்கள்.