வாடகைக் காசையும் வருமானமாக எழுதும் கணக்கு

போன சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்து பார்க்கிங்கில் வெங்காய மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஊர் அமெரிக்காவின் சான் டியாகோ. மாதத்தில் ஒரு நாள் ராணுவக் குடும்பங்களுக்கு மட்டும் இலவசமாக உணவுப் பொருள் கொடுப்பார்கள். இரண்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கார்கள் வரிசையாக வரும். ஓட்டுபவர் உள்ளே இருந்தபடியே டிக்கியைத் திறந்துவிடுவார். உருளைக்கிழங்கு, வெங்காயம், வேர்க்கடலை வெண்ணெய், டின் மீன், பால் என்று வைத்து, டிக்கியை மூடி ஒரு தட்டு தட்டினால் வண்டி நகர்ந்துவிடும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அதற்காகத்தான் அந்த ஏற்பாடே.

அன்றைக்கு ஒரு பெண் மட்டும் கண்ணாடியை இறக்கினாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. பின்சீட்டில் இரண்டு குழந்தைகள், டாஷ்போர்டில் கடற்படைத் தொப்பி ஒன்று. "நாலாம் சைஸ் டயப்பர் இருக்கா?" என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது, ஐந்துதான் இருக்கிறது என்றேன். "பரவாயில்லை, இறுக்கி ஒட்டிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள். கணவன் கப்பலில் இருக்கிறானாம், திரும்பி வர இன்னும் மூன்று மாதம் ஆகுமாம்.

வருடத்துக்கு 80,000 கோடி டாலருக்கு மேல் ராணுவத்துக்குச் செலவழிக்கிற நாடு இது. இங்கே ராணுவக் குடும்பங்கள் இலவச உணவுக்கு வரிசையில் வருகின்றன என்று ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "மிலிட்டரிக்காரனுக்கு என்ன குறைச்சல், கேன்டீன் இருக்கு, குவார்ட்டர்ஸ் இருக்கு" என்று என் சித்தப்பாவே சொன்னார். கேன்டீன் இங்கேயும் இருக்கிறது, கமிசரி என்பார்கள். வெளிக்கடையைவிட விலை குறைவுதான். ஆனால் அந்தக் குறைந்த விலைக்கும் கையில் காசு வேண்டுமே.

ராணுவத் தலைமையகம் 2020இல் தன் ஆட்களிடமே கேட்டு எடுத்த கணக்கு 2022இல் வெளியானது. பணியில் இருப்பவர்களில் 24 சதவீதம் பேர், அதாவது கிட்டத்தட்ட நாலில் ஒருவர், முந்தைய ஒரு வருடத்தில் சாப்பாட்டுக்கு ஏதோ ஒரு விதத்தில் திண்டாடியிருக்கிறார்கள். அதே 2022 செப்டம்பரில், கஷ்டப்படும் சிப்பாய்கள், ஏழைகள் உணவு வாங்க அரசு தரும் உதவியான ஃபுட் ஸ்டாம்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று தரைப்படையே யோசனை சொல்லி, நாடு முழுக்கப் பேச்சானது.

சரி, விண்ணப்பித்தால் கிடைத்துவிடுமா? எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

2024 கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஈ-3 என்ற கீழ்நிலையில், சேர்ந்து இரண்டு வருடம் ஆகாத ஒருவனுக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 2,377 டாலர். சாப்பாட்டுப் படி 460. மனைவி, இரண்டு குழந்தைகள். படைத்தளத்துக்குள் வீடு கிடைக்கவில்லை என்றால் வெளியே வாடகைக்குப் போக வேண்டும். அதற்கு வீட்டுப்படி தருகிறார்கள். சான் டியாகோவில் குடும்பஸ்தனுக்கு அது 3,000 டாலரைத் தாண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஊர் வாடகை அப்படி. இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் வீட்டுக்காரரிடம் கொடுத்தாக வேண்டும். ஃபுட் ஸ்டாம்ப் தருகிற ஸ்நாப் திட்டத்தில் இந்த வீட்டுப்படியும் வருமானம். நாலு பேர் குடும்பத்துக்கு அப்போது கலிபோர்னியாவில் இருந்த வரம்பு மாதம் 5,000 டாலர். கூட்டிப் பாருங்கள், அவன் வரம்புக்கு வெளியே நிற்பான்.

இதே வீட்டுப்படிக்கு வருமான வரி கிடையாது. வரித்துறை இதை வருமானமாகவே எடுத்துக்கொள்வதில்லை. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்குமான விக் திட்டத்திலும் பெரும்பாலான மாநிலங்கள் இதைச் சேர்ப்பதில்லை. ஒரே அரசாங்கம், ஒரே காசு. ஒரு ஜன்னலில் அது வருமானம் இல்லை, அடுத்த ஜன்னலில் வருமானம்.

இதைச் சரிசெய்யத்தான் 2021 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டத்தில் 'அடிப்படைத் தேவைப் படி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மீதியை அரசு ஈடுகட்டும். அந்த வரம்பை அந்த வருடமே 150 ஆக்கினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இதிலும் பொதுவிதியாக வீட்டுப்படியை வருமானத்தில் சேர்த்துவிட்டார்கள். வாடகை அதிகமான ஊர்களுக்கு அமைச்சர் விரும்பினால் விலக்கு தரலாம் என்று ஒரு வரி மட்டும் போட்டார்கள். விளைவு, வெகு சிலரே தேறினார்கள். எந்த ஓட்டையை அடைக்க வந்தார்களோ, அதே ஓட்டையைப் புதுப் பாத்திரத்திலும் போட்டுக் கொடுத்தார்கள்.

இதற்கு முன்பும் ஒரு திட்டம் இருந்தது. 2000களின் தொடக்கத்தில் வந்து, உள்நாட்டில் 2016இல் மூடப்பட்டது. கடைசியில் மாதம் 1,100 டாலர் வரைக்கும் தந்தார்கள். அதை வாங்கியவர்கள் நாடு முழுவதும் சில நூறு குடும்பங்கள்தான், ஏனென்றால் விண்ணப்பம் மேலதிகாரி கை வழியாகப் போக வேண்டும். இருபது வயதுப் பையன் தன் கமாண்டர் முன்னால் போய் "என் வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டம்" என்று சொல்வானா? கடன் பிரச்சினை இருந்தால், ராணுவ ரகசியங்களைக் கையாளத் தரும் அனுமதி போய்விடும் என்ற பயம் வேறு. நம் ஊரில் அரிசி அட்டை வைத்திருக்கிற எல்லோருக்கும் ரேஷன் அரிசி என்பதால், வாத்தியாரும் கொத்தனாரும் ஒரே வரிசையில் பையோடு நிற்பார்கள், யாருக்கும் கூச்சம் இல்லை. ஏழை என்று முதலில் நிரூபித்துவிட்டு வா என்று சொன்னால்தான் கூச்சம் வருகிறது.

"கையில் காசு வந்ததும் புது கார் வாங்கிவிடுகிறார்கள், அப்புறம் எப்படி?" என்று இங்கே நம்மவர்களே கேட்கிறார்கள். வாங்குகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. தளத்தின் வாசலிலேயே கார் விற்பவர்கள் காத்திருக்கிறார்கள். ஆனால் மனைவிகளின் நிலைமையையும் பாருங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு மாற்றல். புது ஊரில் வேலை தேடி, பிள்ளையை விடக் காப்பகம் தேடி, அதற்கான காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதி, இடம் கிடைக்கும்போது அடுத்த மாற்றல் வந்துவிடும். வேலைக்குப் போகத் தயாராக இருக்கும் ராணுவ மனைவிகளில், தேடியும் வேலை கிடைக்காதவர்கள் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். கட்டாய ராணுவச் சேவை 1973இல் முடிந்ததிலிருந்து படையில் குடும்பஸ்தர்கள் பெருகிவிட்டார்கள். சம்பளப் பட்டியலோ பாசறையில் படுத்து மெஸ்ஸில் சாப்பிடும் ஒற்றை ஆளை மனதில் வைத்தே வெகுகாலம் ஓடியது.

2025இல் ஏப்ரலோடு கீழ்நிலை வீரர்களுக்குச் சம்பளம் மொத்தம் 14.5 சதவீதம் ஏறியது. பெரிய விஷயம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் வீட்டுப்படியை ஸ்நாப் கணக்கிலிருந்து எடுங்கள் என்ற கோரிக்கை அப்படியே கிடக்கிறது. மேஸான் என்ற யூத அறக்கட்டளை பல வருடமாக இதற்காகக் கத்திக்கொண்டிருக்கிறது. ஈராக்கில் இரண்டு காலையும் இழந்த செனட்டர் டாமி டக்வொர்த் இதற்குக் குரல் கொடுப்பவர். சிறு வயதில் அவர் குடும்பமே ஃபுட் ஸ்டாம்பில் சாப்பிட்டிருக்கிறது. சட்டம் திருத்த ஒரு வரி போதும். அந்த ஒரு வரிதான் வரமாட்டேன் என்கிறது.

நானும் எங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஈ-3 கணக்கை அப்படியே கூட்டிக் காட்டியிருந்தேன். ஆறு வாரம் கழித்து நல்ல கெட்டித் தாளில் பதில் வந்தது. வீரர்களின் தியாகத்தைப் பற்றி இரண்டு பத்தி இருந்தது. வீட்டுப்படி என்ற வார்த்தையை முன்னும் பின்னும் திருப்பித் தேடிப் பார்த்தேன், இல்லை.