கெட்ட எண்ணம் வந்தால் செய்துவிடுவார்களா?

ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோயால் 'தம்பியைக் குத்திவிடுவேனோ' என்று நடுங்கும் பெண் வரும் இளையோர் நாவல்களைக் காட்டி, "இப்படி நினைப்பவர்கள் ஒருநாள் செய்தே தீருவார்கள்" என்கிறது ஒரு பதிவு. இது தவறு.

அப்படிப்பட்டவள் செய்வது என்ன? கத்தியைத் துணியில் சுற்றி மேல்தட்டில் ஒளித்து வைப்பாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவாள். அது வெறி இல்லை, பயம். தன் மனசுக்கு நேர் எதிரான எண்ணம் என்பதால்தான் அவ்வளவு நடுக்கம்.

13 நாடுகளில் 777 மாணவர்களிடம் கேட்டு 2014-இல் வெளியான ஆய்வில், முந்தைய 3 மாதங்களில் வேண்டாத எண்ணம் ஒன்றாவது வந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 94 சதவீதம். ஓசிடியில் அந்த எண்ணம் போகாமல் ஒட்டிக்கொள்கிறது. விரட்ட விரட்ட அதிகமாகும். அப்புறம், இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது: தவிர்த்த கத்தியையே சிகிச்சையாளர் துணையோடு மெல்ல மெல்லக் கையில் எடுக்கப் பழகுவது.